அண்ணன் தோப்பைப் பார்த்த பிலிம் துண்டு

எனக்கு வாய் நீளம். ஸ்டுடியோவுக்கு வரும் கல்யாண வீட்டார் முதல் என் வீட்டுக்காரர் வரை எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் எங்களுக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ. படம் எடுப்பது அவர், அதை உட்கார்ந்து ஒப்பேற்றுவது நான். ட்ரோன் ஓட்டுவதும் நான்தான். அவர் கையில் கொடுத்தால் அது நேராகப் பந்தல் மேல் போய் உட்காரும். ஒரு நிச்சயதார்த்தத்தில் உட்கார்ந்தே விட்டது. இறக்கை உடைந்த அந்தப் பழைய ட்ரோனைப் பழுது பார்த்து அலமாரியில் வைத்துவிட்டுப் புதிதாக வேறொன்று வாங்கினோம்.

அன்றைக்குப் பங்குனி வெயில். ஒரு மலையாள டீச்சரை ஸ்டூலில் உட்கார வைத்துப் பாஸ்போர்ட் போட்டோவுக்கு முகத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அண்ணன் போன் பண்ணினார். அண்ணன் இருப்பது கிழக்கே, தமிழ் பேசும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், நான் பிறந்த வீட்டில். தென்னந்தோப்புதான் அவருக்குச் சோறு. ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசினேன்.

"அம்மிணி, தோப்புக்கு விவசாய ஆபீசர் வந்துட்டுப் போனாரு. உன்ற பக்கம் ரண்டு மரத்தை வெட்டோணும்னு சொல்லிட்டாரு."

"எதுக்குங்ணா?"

"காத்து வீழ்ச்சையாமா."

காற்று, வீழ்ச்சை. பிறந்ததிலிருந்து கேரளாவில் குப்பை கொட்டுகிறேன், மலையாளம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்ற திமிர் வேறு. காற்றில் மரம் விழுந்துவிட்டது என்கிறார் என்று உடனே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மார்கழியிலும் தையிலும்தான் ஆளைத் தள்ளும். பங்குனியில் ஏது காற்று? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"காத்துங்ளா? இங்க கொடியில போட்ட துணி அசையக் காணோம். அங்க மட்டும் காத்து அடிச்சுதாக்கும்? அதும் உங்க பக்கத்தையெல்லாம் உட்டுப்போட்டு, என்ற மரமாப் பாத்து அடிச்சுதாக்கும்?"



"செரி அம்மிணி. நீயே ஒருக்கா வந்து பாத்துக்க," என்று சொல்லி வைத்துவிட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அப்பா இருக்கும்போதே தோப்பைப் பிரித்துவிட்டார். கால்வாய்ப் பக்கமாக ஆறு வரிசை எனக்கு, மீதி அண்ணனுக்கு. பிரித்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. என் ஆறு வரிசைக்குள் நான் ஒரு நாள் கூடக் கால் வைத்ததில்லை. பிறந்த வீட்டுக்குப் போவேன், அண்ணி கையால் சாப்பிடுவேன், பஸ் ஏறிவிடுவேன். உரம் வைப்பது, மட்டை இழுப்பது, காய் பறித்துப் போடுவது எல்லாம் அண்ணன்தான். ஒவ்வொரு காய் வெட்டுக்கும் என் பங்கு சாக்கில் கட்டி வந்து சேரும். நான் செய்ததெல்லாம் அதைத் துருவியது மட்டும்தான். அப்படிப்பட்ட நான், போனை வைத்ததும் வீட்டுக்காரரிடம் கத்தினேன். மரத்தை அறுப்பு மில்லுக்குக் கொடுத்துவிட்டுக் காற்று மேல் பழியைப் போடுகிறார், கூடப் பிறந்தவரே இப்படிச் செய்தால் நான் யாரிடம் போய்ச் சொல்வது என்றெல்லாம் ஒரு பாட்டம் பாடினேன்.

ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருந்த டீச்சர் மெல்ல வாயைத் திறந்தார்.

"அது காற்றல்லா, கேட்டோ. ரோகமாணு. தெங்கின்டெ ரோகம்."

அவருடைய அப்பாவுக்குத் தெற்கே தோப்பு இருந்ததாம். ஓலையெல்லாம் துவண்டு, மஞ்சள் அடித்து, உள்பக்கமாக மடிந்துகொள்ளும், வேரிலிருந்து வரும் சீக்கு, காற்றுவீழ்ச்ச என்பது அந்தச் சீக்கின் பெயர் என்றார். மருந்து கிடையாது, முற்றிய மரத்தை வெட்டி அப்புறப்படுத்துவதுதான் வழி என்றார். தமிழில் வேர் வாடல் என்று சொல்வது அதைத்தான். எங்கள் பக்கம் அது புதிதாக வந்த சீக்கு. பெயரை நான் அன்றுவரை கேட்டதே இல்லை.

என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை. டீச்சர் முகம் படத்தில் நன்றாக விழுந்திருந்தது. அண்ணனைத் திருடன் என்றே சொல்லியிருக்கிறேன், அந்த வார்த்தையை வாயில் எடுக்கவில்லை என்பது ஒன்றுதான் பாக்கி.

திரும்ப அவருக்குப் போன் பண்ணி, "தெரியாம பேசிப்போட்டேண்ணா" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்பதைவிடக் கேமராவைக் கழற்றுவது எனக்குச் சுலபம், அப்படிப் பிறந்து தொலைத்திருக்கிறேன். அண்ணிக்குத்தான் போட்டேன். அவர் எப்போதும் நேராகப் பேசுகிறவர். அன்றைக்கு அவர் குரலிலும் சூடு இல்லை.

"அடுத்த புதங்கெழமை ஆபீசர் மறுக்கா வர்றாரு. எந்தெந்த மரம்னு பாத்துக் குறி போடோணுமாமா. உங்கண்ணன் பக்கம் ஓலையெல்லாம் ஒரு மாதிரி தொங்கிக் கெடக்குது. தோப்பு பூராப் பரவியிருந்தா எல்லாத்தையும் வெட்டச் சொல்லிருவாங்களோன்னு மனுசன் சோறு திங்காம உக்காந்திருக்காரு."

தோப்பு போனால் அண்ணனுக்கு வேறு தொழில் தெரியாது. ஐம்பத்தைந்து வயதில் எங்கே போய் நிற்பார்? என் வாய் கெடுத்ததை என் கையாவது கொஞ்சம் சரி பண்ணட்டும் என்று தோன்றியது.

அலமாரியில் கிடந்த பழைய ட்ரோன் நினைவுக்கு வந்தது அப்போதுதான். பயிர்களை அகச்சிவப்பு ஒளியில் படம் எடுப்பதைப் பற்றி ஒரு வீடியோ பார்த்திருந்தேன். நல்ல இலை, நம் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியை அள்ளித் திருப்பி வீசுமாம். வாடிய இலை அவ்வளவாக வீசாதாம். கேமராவுக்கு அந்த ஒளி தெரியும். ஆனால் படம் கெட்டுப்போகும் என்று உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி வைத்து அதை மறித்துவிடுகிறார்கள். அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டு, நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை மறிக்க முன்னால் ஒரு பில்டர் வைத்தால் தீர்ந்தது. மேலே இருந்து எடுத்தால் எந்த மரம் நன்றாக இருக்கிறது, எது வாடுகிறது என்று தெரியும்.

சொல்லும்போது தீர்ந்தது. செய்யும்போது நாலு நாள் பிடித்தது.

கேமராவைக் கழற்ற உட்கார்ந்ததும் வீட்டுக்காரர் டீ குடிக்கப் போய்விட்டார். அவரால் பார்க்க முடியாது. குட்டி குட்டியாக நாலு திருகாணி. லென்ஸைப் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். முடி உலர்த்தும் மெஷினை வைத்துச் சூடு காட்டி, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு திருகினேன். உள்ளே, உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, சாய்த்தால் லேசாக ரோஸ் நிறம் காட்டும் கண்ணாடி. பிளேடு நுனியை விட்டு நெம்பினால் பட்டென்று இரண்டாக உடைந்தது. ஒரு துண்டு சென்சார் மேலேயே விழுந்து தொலைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, லென்ஸ் தூசி ஊதும் ரப்பர் பந்தால் ஊதி ஊதி அதை வெளியே தள்ளினேன். பிறகு திரும்ப மூடிப் பார்த்தால் எதிர்க்கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி கலங்கலாகத் தெரிந்தது. கண்ணாடி போனதும் போகஸ் மாறிவிட்டது. லென்ஸை மயிரிழை மயிரிழையாகத் திருகி, தொட்டியில் எழுதியிருந்த எழுத்து தெளியும்வரை வைத்தேன். அதற்கே ஒரு மத்தியானம் போயிற்று.

அடுத்தது பில்டர். கறுப்பாக, மெல்லிசாக ஏதாவது வேண்டும். வீட்டுக்காரர் ஒரு கல்யாண மேடையிலிருந்து விழுந்தபோது எடுத்த கணுக்கால் எக்ஸ்ரே பீரோவில் இருந்தது. கறுப்பு என்றால் கறுப்புதானே? அதன் ஓரத்தை வட்டமாக வெட்டி லென்ஸ் முன்னால் வைத்தேன். சோதிக்க டிவி ரிமோட் போதும். பட்டனை அமுக்கினால் அதன் நுனியில் எரிவது அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஒளிதான். பில்டர் இல்லாமல் பார்த்தபோது கேமராவில் ஊதா நிறத்தில் பளிச்சென்று எரிந்தது. எக்ஸ்ரேயை வைத்ததும் ஒன்றுமே இல்லை, இருட்டு.

சென்சார் போய்விட்டது என்றே நினைத்தேன். மறுபடி கழற்றினேன், துடைத்தேன், மாட்டினேன். இரண்டு நாள் இப்படியே போயிற்று. அதற்குள் ரிமோட் பாட்டரியை மூன்று முறை மாற்றி, ரிமோட்டையும் திட்டி, குறுக்கே வந்த வீட்டுக்காரரையும் திட்டினேன்.

"ஏனம்மிணி, என்ற காலு போட்டோ மேல உனக்கென்ன அவ்வளவு ஆசை? வேற ஏதாச்சும் வெச்சுத்தான் பாரேன்," என்றார் அவர்.

கேட்டபோது எரிச்சலாக இருந்தது. ஆனால் மனுஷன் சொன்னது சரிதான். பழைய பிலிம் காலத்து நெகட்டிவ் கவர்கள் கீழ் டிராயரில் கிடந்தன. கலர் ரோலைக் கேமராவில் மாட்டும்போது அதன் தலைப்பில் வெளிச்சம் பட்டு வீணாகும். கழுவினால் அந்த இடம் மட்டும் கன்னங்கரேலென்று வரும். யாரோ ஒரு மாப்பிள்ளை பெண் படத்துக்கு முன்னால் வந்த அந்தக் கறுப்புத் துண்டை வெட்டி இரண்டாக மடித்து வைத்தேன். ரிமோட்டை அமுக்கினேன். ஊதா வெளிச்சம் குப்பென்று எரிந்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மருந்துக்கடைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

எக்ஸ்ரேயின் கறுப்பு வெள்ளிக் கறுப்பு, எந்த ஒளியையும் விடாது. கலர் பிலிமின் கறுப்பு வெறும் சாயம், நம் கண்ணை மட்டும்தான் ஏமாற்றும். இதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். முன்பே தெரிந்திருந்தால் இரண்டு நாளும் பாதித் திட்டும் மிச்சமாகியிருக்கும்.

பிலிமைப் பிடித்து நிறுத்த, இருமல் மருந்து மூடியை அறுத்து ஒரு வளையம் செய்தேன். ட்ரோனை முடுக்கியதும் கேமரா தலையைத் தொங்கப் போட்டு நடுங்கியது. அந்தப் பாரம்கூட அதற்குத் தாங்காது. கடைசியில் ஆல்பத்துக்குப் போடும் கறுப்பு அட்டையில் வளையம் வெட்டி, ஓரத்தில் வெளிச்சம் கசியாமல் கறுப்பு டேப் ஒட்டினேன். மொட்டைமாடியில் பறக்கவிட்டுப் பார்த்தோம். படம் முழுக்கச் சிவப்பும் ஊதாவுமாக வந்தது. நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளை ஆக்கினதும் தெருவோர வேப்பமரம் பஞ்சு வெடித்தது போல வெள்ளையாக நின்றது. வானம் கறுப்பு. வீட்டுக்காரர் போட்டிருந்த கறுப்புப் பேன்ட்டோ வெள்ளை வெளேரென்று இருந்தது.

"ஏதோ கட்சிக்காரனாட்டமல்ல தெரியறேன்," என்றார். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் கொழிஞ்சாம்பாறை போய்ச் சேர்ந்தோம். மறுநாள் ஆபீசர் வருகிறார். அண்ணன் வாசலுக்கு வந்து, "வா அம்மிணி, வாங்க மாப்ள," என்றார். போன் பேச்சைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆள் இளைத்திருந்தார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அண்ணி மோர் கொடுத்தார், முகத்தைப் பார்க்காமலே கொடுத்தார்.

உச்சி வெயிலில்தான் நிழல் விழாமல் படம் நன்றாக வரும். பன்னிரண்டு மணிக்கு ட்ரோனைத் தென்னைகளின் தலைக்கு மேலே ஏற்றி, கால்வாய் ஓரத்திலிருந்து ரோடு வரைக்கும் வரிசை வரிசையாக ஓட்டினேன். அண்ணன் கழுத்தை நிமிர்த்தி அது போகும் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றார். இறக்கியதும் மோட்டார் ரூம் நிழலில் லேப்டாப்பை வைத்து, படங்களை ஒன்றோடொன்று ஒட்டித் தோப்பு முழுவதையும் ஒரே படமாக ஆக்கினேன்.

கால்வாய்ப் பக்கம் ஆறு வரிசை வெள்ளை வெளேரென்று மின்னியது. அதற்குள் இரண்டு மரம் மட்டும் மங்கல், ஆபீசர் சொன்ன அதே இரண்டு. ஆறாவது வரிசைக்கு அந்தப் பக்கம், அதாவது அண்ணன் பங்கு முழுவதும், ஒரு மரம் பாக்கியில்லாமல் சாம்பல் பூத்துக் கிடந்தது.

"அண்ணா," என்றேன். "உங்க பக்கம் பூராப் போயிருச்சுங்ணா."

அண்ணன் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"வெள்ளையா இருக்கறது?"

"நல்ல மரமுங்ணா."

"இந்தச் சாம்பலு?"

"சீக்கு."

அவர் நிமிர்ந்தார். அவர் முகத்தில் இருந்தது சிரிப்புதான்.

"ஏம் அம்மிணி, சீக்கு இப்படிக் கோடு போட்டாப்பல நின்னுக்குமா?"

மறுபடி படத்தைப் பார்த்தேன். ஆமாம், அப்பா எல்லைக்கல் போட்ட இடத்தில் நேர்க்கோடு. இந்தப் பக்கம் வெள்ளை, அந்தப் பக்கம் சாம்பல். வேரில் பரவுகிற சீக்குக்கு எல்லைக்கல் தெரியுமா என்ன? எனக்கு விளங்கவில்லை. பின்னால் நின்றிருந்த அண்ணிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"அப்ப அது சீக்கில்ல கண்ணு, தாகம்! மாசி பொறந்ததுல இருந்து போரு மோட்டாரு ஒரு மணி நேரந்தான் ஓடுது, அப்பறம் காத்து வாங்குது. அந்த ஒரு மணி நேரத்தையும் உன்ற பக்கந்தான் திருப்பி உடறாரு. நம்ம மரமும் காயுதேன்னு சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டாரு."

"சித்த சும்மா இருக்கியா?" என்றார் அண்ணன்.

"எதுக்கு நான் சும்மா இருக்கறது? போன்ல இவ அந்தப் பேச்சுப் பேசுனா. அதுக்கு அடுத்த நாளு காலைலயும் எந்திரிச்சுப் போயி இவ பக்கந்தானே திருப்புனீங்க?"

மோட்டார் ரூம் சுவரைப் பார்த்தபடி நின்றேன். வீட்டுக்காரர் மெதுவாக நழுவி ட்ரோனை மடித்து வைக்கப் போய்விட்டார்.

"ஏனுங்ணா இப்படிப் பண்ணுனீங்க?" என்றேன்.

"என்றது காஞ்சா அது என்ற பாடு. உன்றது காஞ்சா நான் பாக்கலைன்னு ஆயிரும். அப்பா என்ற கைல உட்டுட்டுப் போனதல்ல?"

"நான் ஒரு நாளாவது வந்து பாத்தனாண்ணா?"

"வந்தா பாப்பீல்ல," என்றார், ரொம்பச் சாதாரணமாக.

என் பில்டர் பொய் சொல்லவில்லை. மரம் வாடுவதைக் காட்டத்தான் அதற்குத் தெரியும். எதனால் வாடுகிறது என்று அதற்குத் தெரியாது. நான்தான் பார்த்ததும் சீக்கு என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். காற்று என்று கேட்டதும் திருட்டு என்று எழுதியது போலவே. அன்றைக்கு அண்ணன் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால், மறுநாள் ஆபீசரிடம் நானே அந்தப் படத்தைக் கொடுத்து, தாகத்தில் கிடந்த தோப்பை வெட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

"அண்ணா, நாளைக்கு அவர் வந்தா என்ற பக்கத்து ரண்டை மட்டும் காட்டுங்க. உங்க பக்கத்துக்குத் தண்ணி உட்டு, மரம் தெளிஞ்சதும் நான் மறுக்கா வந்து எடுக்கறேன். அதுக்கப்பறமும் மங்கலா நிக்கறதுதான் சீக்கு," என்றேன்.

"உன்ற மரம்?"

"காஞ்சா காயட்டும்."

"அதெப்படி?" என்றார் அவர்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை. "நான் உங்களைத் திருடன்னு நெனச்சேண்ணா. மரத்தை வித்துப்போட்டீங்கன்னு நெனச்சேன்," என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா தண்ணி உட்டீங்க?"

"நீ என்ன நெனச்சா மரத்துக்கென்ன அம்மிணி? அதுக்குத் தண்ணி வேண்டாமா?" என்றார்.

நேராகப் பைப்பு பிரியும் இடத்துக்குப் போனேன். இரண்டு வால்வு. இடது பக்கம் என்னுடையது, தினமும் கை பட்டுக் கைப்பிடி பளபளவென்று இருந்தது, தொட்டதும் சுற்றியது. அதை இறுக்க மூடினேன். வலது பக்கம் அண்ணனுடையது. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினேன், அசையவில்லை. மாசியிலிருந்தே திறக்காமல் கிடந்து துருப்பிடித்துப் போயிருந்தது.